மேடையில் போட்ட கோடி

என் தங்கையின் தாலியை அறுத்தவர்கள் கொடைக்கானலில் குடியரசு தின விழா நடத்திய கமிட்டிக்காரர்கள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்து வந்த முதல் குடியரசு தினம் அது. நாங்கள் கொடைக்கானல் மலையில் பூண்டி என்ற ஊரில் வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். தங்கையையும் அதே ஊரிலேயே கொடுத்திருந்தோம். அவள் புருஷன் பட்டாளத்துக்காரர். சண்டை நடக்கும்போதே தந்தி வந்துவிட்டது. ஆளைக் காணவில்லை என்றுதான் அதில் இருந்தது. செத்தார் என்று இல்லை. வாசித்துச் சொன்ன தபால்காரரிடம் மூன்று தடவை கேட்டேன். காணவில்லை, அவ்வளவுதான் என்றார்.

ஆனால் தங்கையின் மாமியார் அன்றைக்கே மகன் போய்விட்டதாக முடிவு கட்டிவிட்டார். கோடி எடுத்து வா என்று என்னை நச்சரித்தார். புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார்தான் வெள்ளைச் சேலை எடுத்துப் போடவேண்டும். எங்கள் அப்பா இல்லை. அதனால் அது அண்ணனான என் கையில் இருந்தது. ஆள் செத்துவிட்டார் என்று சர்க்கார் எழுதட்டும், அதுவரை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் எடுக்காதவரை அவள் பூவும் பொட்டுமாக இருக்கலாம். ஊரும் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

அப்போதுதான் கமிட்டிக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். மதராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கொடி ஏற்ற வருகிறார், பட்டாளத்துக் குடும்பத்தை மேடையில் உட்கார வைக்கிறோம் என்றார்கள். என் தங்கை உடனே கிளம்பிவிட்டாள். மரியாதை வாங்குவதற்காக இல்லை. அந்த அதிகாரியிடம் சொன்னால் புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று விசாரித்துச் சொல்லுவார் என்று நம்பினாள். வெள்ளனே எழுந்து உறைபனியில் நடந்து, கிழங்கு லாரி பிடித்து, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் போய் இறங்கினோம். மாமியாரும் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரும் கூடவே வந்தார்கள்.

பந்தலில் அவளைப் பார்த்ததும் கமிட்டித் தலைவருக்கு முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“கீழ வத்தலக்குண்டுல ரெண்டு குடும்பம் கெடச்சிருக்காம். நமக்குக் கெடச்சது ஒண்ணு, அதுவும் தலைநெறையப் பூ வச்சுக்கிட்டு வந்து நிக்கிது.”

நான் நேரே போய் விஷயத்தைச் சொன்னேன். காணவில்லை என்றுதான் தந்தி, சாவு என்று மேடையில் பேசக்கூடாது என்றேன். எல்லாம் தெரியுங்க, நாங்க பாத்துக்கிடுறோம் என்று என்னைக் கொண்டுபோய் ஆண்கள் பக்கம் உட்கார வைத்தார்கள். தங்கையை மேடைக்குக் கூட்டிப்போனார்கள்.

கொடி ஏறியது. அதிகாரி பேசினார். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்து, வீர சொர்க்கம் அடைந்த நம் மண்ணின் மைந்தர் என்று தொடங்கினார். அந்தத் தமிழ் என் தங்கைக்குப் புரியவில்லை. அவள் அதிகாரியிடம் எப்போது பேசலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவரின் சம்சாரம் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் இருந்தது புது வெள்ளைச் சேலை. அதைப் பிரித்து என் தங்கையின் தோளில் போட்டார். கூட்டம் எழுந்து நின்றது.

பேச்சுப் புரியாதவளுக்குத் துணி புரிந்தது. கூட்டத்தில் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, மேடையிலிருந்தே கேட்டாள்.

“அண்ணே, நீ கொண்டாந்ததா?”

எனக்கு முன்பே சாவு தெரிந்து, நானே கோடி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன் என்று நினைத்துவிட்டாள். இல்லை ஆத்தா என்று கத்தினேன். அதற்குள் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டார். ஊர்ப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். என் சத்தம் யார் காதிலும் விழவில்லை. மேடைக்கு ஓடப் போன என்னைத் தொண்டர்கள் இருவர் பிடித்துக்கொண்டார்கள். தேசிய கீதம் பாடப் போறாங்க, மரியாதையா நில்லுங்க என்றார்கள். பாட்டும் தொடங்கிவிட்டது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். பிறகு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். தங்கையால் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் மாமியார் வீட்டார் சொன்னது இதுதான்: “சர்க்காரே கோடி போட்ருச்சு. இனி ஒன் கோடி எதுக்கு?” அது சர்க்கார் இல்லை, நாலு கடைக்காரர்களும் பங்களாக்காரர்களும் சேர்ந்த கமிட்டி என்று தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்? அந்த வாரமே பெண்கள் கூடி அவளை உட்கார வைத்துத் தாலியைக் கழற்றினார்கள்.

கோடையில் அவள் புருஷன் திரும்பி வந்தார். சீனாக்காரன் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டிருக்கிறான். பனியில் ஒரு கால் விரல்கள் போய்விட்டன. நொண்டிக்கொண்டே ஏறி வந்தவர், பூண்டுக் காட்டில் வெள்ளைச் சேலையோடு நின்றவளைப் பார்த்தார். அவர் எப்போதும் கேலிக்காரர். “ஏ புள்ள, பொணத்துக்குச் சோறு இருக்கா?” என்றார். அவள் சிரிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து வெறும் கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

பூம்பாறை முருகன் சன்னிதியில் மறுபடி தாலி கட்டினார். ஆனால் ஊருக்கு அது தாலியாகப் படவில்லை. எங்கள் பக்கம் முதல் விதைப்பூண்டு ஊன்றச் சுமங்கலியைக் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று முன்பு அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு அவளைத் தாண்டிப் போகிறது. ஒருதரம் அறுத்த கழுத்தாம். புருஷன் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஆகஸ்டிலேயே கமிட்டி அவரைக் கூப்பிட்டு மாலை போட்டது. சாவை வென்ற வீரர் என்றார்கள். ஜனவரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் தலைவரிடம் போய்க் கேட்டேன். “அன்னைக்கு ஊரே அழுதுச்சேங்க, இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?” என்றார்.

அதன் பிறகு பாகிஸ்தான் சண்டையும் வந்து போனது. மேடைகள் கூடின, மாலைகள் கூடின. எங்கே கொடி ஏறினாலும் எனக்கு என் தங்கை கேட்ட கேள்விதான் காதில் விழுகிறது. நாட்டுக்காகப் போனவன் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஒருவருக்கும் பொறுமை இல்லை. அழுவதற்கு ஒரு சாவு வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆகஸ்டுக்கும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதே தலைவர்தான். தலைவர் ஐயா, எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். பூண்டிப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: நடக்காத சாவுக்கு என் தங்கையை விதவையாக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?