தோளில் படுகிற ஓரம்

செய்தி வந்தபோது என் இடது கன்னம் மழித்தாகிவிட்டது. வலது கன்னத்தில் நுரை. நாமக்கல்லிலிருந்து மோகனூர் வந்த வெற்றிலை வியாபாரி ஒருவர் சவரக்கடை வாசலில் நின்றபடியே, மேஜை கட்டில் செய்கிற மீரான் ராவுத்தர் விடியற்காலையில் காலமாகிவிட்டார், பிற்பகலுக்குள் அடக்கம் என்று சொன்னார். முஸ்லிம் வீடுகளில் உடலைக் காக்க வைப்பதில்லை. கரியில் ஓடும் நம் யுத்தகால பஸ்ஸோ யார் செத்தாலும் வேகமாகப் போவதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பாதி தாடியோடு ஏறிவிட்டேன்.

நாமக்கல்காரர்களுக்கு அவரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேஜை செய்ய ஆயிரம் பேர் உண்டு. மேஜைக்கு ஓரம் எடுக்க, அதாவது பலகை விளிம்பை இழைத்து வடிவம் கொடுக்க, அவர் ஒருவர்தான். அலைபோல ஒன்று, பிறைபோல ஒன்று, இரட்டை வரி ஒன்று என்று வடிவத்துக்கொரு இழைப்புளி, பட்டறைச் சுவரில் பதினொன்று தொங்கும். எந்த அவசரத்திலும் ஒரு வரிசை தப்பமாட்டார். மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்படுகிற இரண்டு ஓரங்களை முதலில் இழைப்பார். அதில் மூலை பிய்ந்துகொள்ளும். பிறகு நீள ஓரங்களை இழைக்கும்போது, பிய்ந்தது சீவலோடு போய்விடும். "காயம் முதல்லயே பட்டுறோணுமுங்க. கடைசியில பட்டா எடுக்க வழியில்லீங்க" என்பார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. பலகையின் மேல் ஓரத்தோடு விடமாட்டார்; அடி ஓரத்தையும் உருட்டுவார். எருமப்பட்டிப் பண்ணையக்காரர் ஒருவர், அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டதற்கு, "கண்ணு மேலதானுங்க பாக்கும். கையி அடியிலயும் போகும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பள்ளிவாசலுக்குச் சந்தூக்கு செய்தபோதும் அப்படித்தான். சந்தூக்கு என்பது ஊர் முழுவதற்கும் பொதுவான பெட்டி; இறந்தவர்களை அதில் வைத்துத் தூக்கிப் போய், அடக்கம் செய்துவிட்டுக் காலியாகத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதன் தூக்குமரங்களின் அடியை நாள்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே படுப்பவர் குறை சொல்லப்போகிறாரா என்று நான் சீண்டினேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி. தூக்கறவங்களுக்குத் தோளு இருக்குதில்லீங்களா" என்றார்.

இனி என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் அவரிடம் எனக்கு எழுதுமேஜை ஒன்று சொல்லியிருந்தேன். சொன்ன நாள் தாண்டிப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. மேஜை இருந்தால் மட்டும் நான் எழுதிக் கிழித்திருப்பேன் என்பதில்லை. ஆனால் மேஜை இல்லாதது நல்ல சாக்கு, எழுத நல்ல விஷயமும்கூட. அப்போது இதே பத்திரிகையில், ஒரு ராவுத்தரிடம் கல்யாணத்துக்குக் கட்டில் சொன்னவர்கள் அது வந்துசேர்ந்த அன்று மூத்த பிள்ளைக்குக் காதுகுத்து நடத்தினார்கள் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நீங்களெல்லாம் சிரித்தீர்கள். வாழப்பாடியிலிருந்துகூட ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன்.

அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் சேலத்துக்குப் போய்க் கடையில் தயாராக இருக்கும் கட்டிலை வாங்கத் தொடங்கினார்கள். காதுகுத்துக்குத்தான் வருமா என்று ராவுத்தரிடமே கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. என் மேஜை வந்தது. அவரே வண்டியில் கூட வந்து இறக்கினார். போகும்போது தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"ஏனுங்க சாமி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டனுங்க. சிரிப்பாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு கட்டிலும் மூணு மாசத்துக்கு மேல என்கிட்ட இருந்ததில்லீங்க. அதுலயும் ஒரு மாசம் மரம் காயறதுக்குங்க. அதை மட்டும் ஒரு வரி போட்டுருங்க."

போடுகிறேன் என்றேன். போடவில்லை. மறுப்பைப் படித்து எவன் சிரிப்பான் என்று தள்ளிப்போட்டேன். அந்த வரி இப்போதுதான் வருகிறது: மூன்று மாதம், அதில் ஒரு மாதம் மரம் காய்வதற்கு.

பட்டறை மூடிய கதையை அவர் தம்பி காசிம் துக்க வீட்டில் சொன்னார். நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வேலை நின்றதும் ராவுத்தர் பட்டாளத்துக்குச் சாமான் அனுப்பும் பெட்டிகள் அடிக்கப் போனார். அறுத்த பலகையை அப்படியே ஆணியடிக்கும் வேலை. ஓரத்தை ஒரு இழைப்பு இழைத்துவிடட்டுமா என்று முதல்நாளே கேட்டிருக்கிறார். பெட்டிக்கு எதற்கையா சிங்காரம் என்று மேஸ்திரி இழைப்புளியை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். போன மாதம் உள்ளங்கையில் ஒரு மரச் சிலாம்பு ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலை பார்த்தார். பத்தாம் நாள் தனுர்வாயு கண்டு தாடை இறுகிப்போயிற்று. தண்ணீர்கூட இறங்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்துவிட்டது என்றார் காசிம். "கடைசி மட்டும் நெனப்பு இருந்துச்சுங்க. அதுதான் பாவமுங்க."

பிற்பகல் சந்தூக்கு வந்தது. அவர் செய்த சந்தூக்கு. நான் என் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் ஒதுங்கி நின்றேன். காசிம் திரும்பிப் பார்த்து, "நீங்களும் ஒரு தோள் குடுங்க சாமி" என்றார்.

கொடுத்தேன். நல்ல தூரம். ஆள் மாறி மாறித் தூக்குவது வழக்கம். நான் முடிந்தவரை மாறவில்லை. என் மாமனாரைப் பச்சை மூங்கில் பாடையில் தூக்கியபோது தோளில் விழுந்த தடம் ஒரு வாரம் எரிந்தது. அப்படி ஒன்று இன்றும் விழவேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் மழித்த முகம். அதன் கீழே, ஒரு கோடுகூட விழாத தோள். மேஜையைத் தவிர, மீரான் ராவுத்தரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தத் தோள்தான். கொஞ்சம் வலித்திருக்கக் கூடாதா.