டெஷோவின் கழுத்து ரத்தக்குழாய்

எங்கள் செகெட் நகரத்து மருத்துவமனை ஆய்வகத்தில் பிரோஷ்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. நோயாளிகளின் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றுவது வேலை. அவள் கணவன் டெஷோ டிராம் ஓட்டுநர். மீன் சூப்பில் மிளகாய்த்தூள் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள்.

வசந்தத்தில் அவனுக்கு இடது கை மரத்துப்போனது. இடது கையை ஆள்வது வலப்பக்க மூளை; அதற்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்தின் வலப்பக்க ரத்தக்குழாயில் இருந்த கொழுப்படைப்பை வெட்டி எடுத்தார்கள். இடப்பக்கம் சின்ன அடைப்புதான், மாத்திரை போதும் என்றார்கள். எடுத்த துண்டு எங்களிடமே வந்தது.

"என் வீட்டு ஆளு. நானே செய்யறேன்" என்றாள் பிரோஷ்கா.

சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் மாறி மாறிப் பார்த்தோம். கொழுப்பைத் தின்ன வரும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு வகை அழற்சியை மூட்டிவிடும். இன்னொரு வகை குப்பையை அள்ளிப் புண்ணை ஆற்றும். முதல் வகைக்குப் பழுப்புச் சாயம், மற்றதற்குச் சிவப்பு. அடைப்பின் மேல்மூடி எளிதில் வெடிக்கிற அளவுக்கு மெலிந்திருந்த ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்தது. சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றும்.

தையல் பிரித்த வாரம், அவளைக் கூட்டிப்போக டெஷோ வந்தான். அவள் எதையும் மறைக்கவில்லை.

"என் கழுத்துக்குள்ளயே ரெண்டு கோஷ்டியா? எங்க டிப்போ சங்கம் மாதிரி இருக்கே!"

"சிரிக்காத டெஷோ. அந்தப் பக்கமும் இதே கதையாத்தான் இருக்கும்."

"மூட்டிவிடறவன் திருந்தவே மாட்டானா?"

"ரத்தத்துல கொழுப்பு குறைஞ்சா திருந்துவான். அதே அணுவே ஆத்தற பக்கம் மாறும். ஆனா நாளாகும்."

"ஆகட்டுமே. நான் எங்க ஓடிப்போறேன்?"

சிகரெட்டை விட்டான், பன்றிக்கொழுப்பை விட்டான். "என்னடா, ஆடு மாதிரி தழை திங்கற?" என்று டிப்போவில் கேலி செய்தார்கள். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. கொழுப்பு நன்றாக இறங்கியது.

நவம்பரில், கடைசி நிறுத்தத்தில் பயணிகளை இறக்கிவிட்டு எழுந்தவன் அப்படியே சரிந்தான். இடப்பக்க அடைப்பு வெடித்து, மூளைக்குப் போகும் ரத்தம் நின்றுபோயிருந்தது. பேச்சே வராமல், அவள் கையைப் பிடித்தபடி மூன்றாம் நாள் இறந்தான்.

அவள் வேலைக்குத் திரும்பி வந்தபோது, ரத்தக்குழாய்த் துண்டுகளை வேறு யாராவது செய்யட்டும் என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் இல்திகோ.

"பரவால்ல டாக்டரம்மா."

அன்று வந்தது யாரோ ஒரு முதிய பெண்மணியின் துண்டு. சாயம் ஏற்றிப் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள். தடித்த மூடி, எங்கும் சிவப்பு.

"இந்தம்மாவுக்கு மாறிடுச்சு பாரு" என்றாள். பிறகு, "அவனும் எல்லாம் செஞ்சானே. ஒண்ணு விடாம செஞ்சானே..."

அவள் மேசையிலேயே தலையைச் சாய்த்து அழுதாள். மிச்சத் துண்டுகளை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.