நான்காவது அடுக்கு

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் பிரேயர் மணி அடிப்பதற்குச் சற்று முன் செய்தி வந்தது. ஜெயராணி டீச்சரின் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள பலசரக்குக் கடைக்குப் போன் செய்திருந்தார். கடைக்காரர் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சார், நம்ம டீச்சர் தவறிட்டாகளாம். மத்தியானத்துக்கு முன்னாலயே எடுத்துருவாகளாம். ஒடனே கெளம்புங்க."

எனக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

டீச்சரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். ராஜபாளையத்தில் சோழபுரம் போகும் சாலையோரம் இருக்கிறது எங்கள் தொடக்கப்பள்ளி. எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துதான் பஸ்ஸில் வந்து போனார். பிரம்பைத் தொடமாட்டார். ஆனால் வாயைத் திறந்தால் பஸ் கண்டக்டரே சில்லறையைச் சரியாகக் கொடுத்துவிடுவார். நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். எங்கள் இருவர் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் தடுப்பு. அவர் நடத்திய பாடமெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான்.

கணக்குப் புத்தகத்தில் பட்டை வரைபடம் என்று ஒரு பாடம். எந்தெந்த மாநிலத்தில் எவ்வளவு கோதுமை விளைந்தது என்று பட்டை பட்டையாய்ப் போட்டிருக்கும். கோதுமையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அவை. "டீச்சர், இது மில்லுப் புகைக்கூண்டு" என்றான் ஒருவன். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொண்டுவரச் சொன்னார். சுற்றிலும் தீப்பெட்டித் தொழிற்சாலைகள்; எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்?

ஒரு பெட்டி என்றால் ஒரு பிள்ளை. நடந்து வந்தவர்கள் இங்கே, சைக்கிளில் வந்தவர்கள் அங்கே, பஸ்ஸில் வந்தவர்கள் அதற்கடுத்து என்று மேஜைமேல் அடுக்கச் சொன்னார். நடந்து வந்தவர்களின் அடுக்கு ஓங்கி நின்றதும் அவர்கள், "நாங்க ஜெயிச்சிட்டோம்" என்று குதித்தார்கள்.

"ஏலே, ஒசரமா நின்னா ஜெயிச்சதுன்னு எவன் சொன்னான்? அம்புட்டுப் பேரு இருக்காகன்னு அர்த்தம். அம்புட்டுதான்" என்றார் டீச்சர். இதை எத்தனை வருடம் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன்!

அடுத்த வாரம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இட்லி தோசைக்கு ஓர் இடம், பழைய சோற்றுக்கு ஓர் இடம், டீயில் வருக்கியை நனைத்துத் தின்று வந்தவர்களுக்கு ஓர் இடம். எல்லோரும் வைத்து முடித்தபின் மாரியம்மாள் என்ற பெண் மட்டும் பெட்டியோடு நின்றாள்.

"நான் எங்க வைக்க டீச்சர்? நான் ஒண்ணும் திங்கலயே."

டீச்சர் சாக்பீஸால் நான்காவதாக ஒரு கட்டம் போட்டார். மாரியம்மாள் வைத்தாள். நான் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் எழுந்து வந்து, "நானும் திங்கல டீச்சர்" என்று இட்லி அடுக்கிலிருந்து தன் பெட்டியை எடுத்து அவள் பெட்டிமேல் வைத்தான். அவன் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக வந்தார்கள். இட்லி அடுக்கு கரையக் கரைய நான்காவது அடுக்கு வளர்ந்தது. கடைசியில் அதுதான் எல்லாவற்றையும்விட உயரம். அந்தப் பிள்ளைகள் பழக்கத்தில் கைதட்டினார்கள்.

வழக்கமான வசவு வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. டீச்சர் பக்கம் பார்த்தேன். அவர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

அதைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டினார். ஆய்வுக்கு வந்த அதிகாரிக்குக் காட்டினார். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "அளவுத்திட்டம் எழுதலையே டீச்சர்" என்றார். படித்தவர்.

காலையில் பிள்ளைகளுக்கு ஒரு வாய் கஞ்சிக்காக டீச்சர் ஏறாத படியில்லை. ஒரு வியாபாரி சில மாதம் கேப்பை மாவு கொடுத்தார். பிறகு அவரே நொடித்துப் போனார். வகுப்புப் பக்கம் அடுப்பு மூட்டக் கூடாது என்று நிர்வாகமும் தடுத்துவிட்டது.

அந்த வருடமே மாரியம்மாள் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். அழைத்து வர நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா மரியாதையாகத்தான் பேசினார்.

"பள்ளியோடத்துல மத்தியானம் சோறு போடுதீக, இல்லங்கல. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன்ன வருது. ஏறுன ஒடனே டீயும் பன்னும் குடுக்காக. அதுவரைக்கும் எம்புள்ள வயித்தப் புடிச்சிக்கிட்டு இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

திரும்பும் வழியில் டீச்சர் சொன்னார்: "புள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்துட்டேன் சார். படிச்சு என்ன செய்ய?"

அதன்பிறகும் வருடந்தோறும் அந்தப் பாடத்தை அப்படியேதான் நடத்தினார். நான்காவது அடுக்கு ஒரு வருடம் கொஞ்சம் இறங்கும், மறு வருடம் ஏறும். ஓய்வு பெற்றபின் நோயில் கிடந்தவரைப் பார்க்கப் போயிருந்தேன். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை. "காலையில ஏதாச்சும் குடுக்காகளா சார்?" என்றார். இல்லை என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாயன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. ஜெபம் முடிந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். மத்தியான வெயிலில் பள்ளி வாசலில் வந்து இறங்கினேன். கேட் பூட்டியிருந்தது. நான் போன பின்பு, தலைமையாசிரியர் பிரேயரில் டீச்சருக்கு மௌன அஞ்சலி செலுத்தி, மரியாதைக்காக அன்று விடுமுறை விட்டிருக்கிறார். விடுமுறை என்றால் சத்துணவு அடுப்பும் எரியாது. இது அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

பூட்டிய கேட்டுக்கு வெளியே, காலையில் பிரேயருக்கு வராத மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தட்டோடு நின்றிருந்தார்கள்.

"சோறு எப்பம் போடுவாக சார்?"

"இன்னைக்கு லீவுலே. ஜெயராணி டீச்சர் எறந்துட்டாக."

"அது யாரு சார்?"

ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமென்று எதிரே பார்த்தேன். துக்கத்துக்காகக் கடையையும் அடைத்திருந்தார்கள். பிள்ளைகள் வெயிலுக்குத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்கள்.

போய் வாருங்கள் டீச்சர். உங்களுக்கு எங்களால் செய்ய முடிந்த மரியாதை இதுதான்.