சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய படங்கள்

நான் எழுத உட்காரும்போது யாராவது அழ வேண்டும், யாரையாவது யாராவது துரத்த வேண்டும், குறைந்தது ஒரு ரயிலாவது கிளம்பிப் போக வேண்டும். எல்லாம் காதுக்குள்தான். சினிமாப் பின்னணி இசை இல்லாமல் எனக்கு ஒரு பத்தி நகராது.

பாட்டு ஆகாது. பாட்டில் வார்த்தை இருக்கிறது. அது வந்து என் வார்த்தையோடு சண்டை போடும், பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும். ஒரு முறை கிழவர் ஒருவர் மருந்து வாங்கப் போவதை எழுதிக்கொண்டிருந்தேன். காதில் ஒரு காதல் பாட்டு ஓடியது. கிழவர் மருந்துக்கடைப் பெண்ணைப் பார்த்து வழியத் தொடங்கிவிட்டார். அன்றோடு பாட்டுக்குத் தடை போட்டேன். படத்துக்கு அடியில் ஓடும் இசை மட்டும் போதும். அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, இணையத்தில் போட்டு வைக்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். புண்ணியவான்கள், நன்றாக இருக்கட்டும்.

எதற்கு எது என்று என்னிடம் ஒரு கணக்கு உண்டு. கதை தொடங்க வேண்டும் என்றால் கிராமத்துக்குப் பேருந்து வந்து நிற்கிற இசை, அதில் புல்லாங்குழல் கட்டாயம். வாக்கியங்களை வெட்ட வேண்டும் என்றால் வில்லன் படியிறங்கி வருகிற இசை. அது ஓடும்போது எனக்கு இரக்கமே இருக்காது, நேற்று நானே ரசித்த உவமையைக்கூட இன்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவேன்.

பினாங்கில், சூலியா தெருவை ஒட்டிய சந்தில் நான்காவது மாடி எங்கள் வீடு. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குக் கிளம்புவதற்கு முன் எனக்குக் கிடைப்பது காலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் கீழே நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் கரண்டியால் சட்டியின் விளிம்பைத் தட்டுவார். பணமாற்றுக் கடையின் இரும்புக் கதவு கத்திக்கொண்டே மேலே ஏறும். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் சுற்றுலாக்காரர்கள் பெட்டியைக் கடகடவென்று இழுத்துப் போவார்கள். காதில் ஹெட்போனை மாட்டினால் அத்தனையும் அடங்கி, வயலின்கள் எழுந்து நிற்கும். அந்த நிமிஷம் எனக்குப் பிடித்த நிமிஷம். காப்பிகூட அதற்கு அப்புறம்தான்.

இந்தப் பழக்கம் நான் வளர்ந்த பைராம் தோட்டத்தில் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் வீடியோவில் படம் போடுவார்கள். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடி உட்காருவார்கள். எனக்கு மட்டும் அனுமதி இல்லை. என் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அப்போதே மின்னியல் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் போட்ட சட்டம் அது. "நான் இந்தப் பொட்டி முன்னாடி உக்காந்துதான் பெயிலானேன். நீ உள்ள போய்ப் படி." அப்பாவே எதிர்த்துப் பேச மாட்டார்.

உள் அறைக்கும் முன்னறைக்கும் நடுவில் பலகைச் சுவர். வசனம் முணுமுணுப்பாகத்தான் வரும், இசை மட்டும் முழுசாக வரும். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் படம் கேட்பேன். இசை நின்றுபோகிற இடங்களில் அக்கா மெதுவாகக் கதை சொல்லுவாள். மெதுவாக என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ரகசியக் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும். "இப்ப அழப் போறா பாரு." "இப்ப அண்ணன்காரன் வந்துருவான் பாரு." ஒன்றும் சரியாக இருக்காது. பெரியவளான பிறகு அந்தப் படங்களில் சிலவற்றைப் பார்த்தேன். அழப் போறா என்றாளே, அவள் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். வருவான் என்ற அண்ணன் படத்திலேயே இல்லை. ஆனாலும் அக்கா சொன்ன கதைதான் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அந்த அக்காவுக்குத்தான் அறுபது வயது வந்தது. சிம்பாங் அம்பாட்டில் அவள் மகனோடு இருக்கிறாள். மகன் போன் செய்தான்.

"சித்தி, ஹால் புக் பண்ணிட்டேன். அம்மாவப் பத்தி நீங்கதான் பேசணும். எழுத்தாளர்னு இருக்கறது நீங்க ஒரு ஆள்தான் லா."

உடனே சரி என்றேன். காரணம் இருக்கிறது. அக்காவுக்கு நன்றி சொல்ல யாராலும் முடியாது. வாயைத் திறந்தால் போதும், "சரி சரி, சாப்ட்டியா?" என்பாள். எனக்கு வேலை கிடைத்த அன்று முயன்றேன், குழம்பு ஊற்றினாள். என் கல்யாணத்தன்று முயன்றேன், என் புடவை மடிப்பைச் சரி செய்தாள். முதல் புத்தகம் வந்தபோது அதை அவள் கையில் கொடுத்துப் பேசத் தொடங்கினேன், புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அட்டை நல்ல கெட்டி என்றாள். ஒலிவாங்கிக்கு எதிரில், ஊர் பார்க்க, மாலையோடு உட்கார்ந்திருக்கும்போது அவளால் அடுப்படிக்கு ஓட முடியாது. அன்றைக்கு விட்டால் எனக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. சொல்லிவிட வேண்டும், அது அவள் மனசில் போய் இறங்கவும் வேண்டும்.

இருப்பதிலேயே பெரிய ஆயுதத்தை எடுத்தேன். ஒரு படத்தின் பின்னணி இசை, இருபது நிமிஷத் தொகுப்பு. தோட்டத்தில் சுவர் வழியாகக் கேட்டதுதான், படத்தை நான் பார்த்ததே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு பெண்ணுக்காகப் போட்ட இசை என்று கீழே எழுதியிருந்தார்கள். முதலில் ஒற்றை வீணை, அப்புறம் வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும், கடைசியில் மனசைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிடும். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எழுதினேன். எழுதும்போதே அழுதேன். முகம் வீங்கி அலுவலகம் போய், ஜலதோஷம் என்று பொய் சொன்னேன். ஆகா, வாழ்க்கையிலேயே நல்ல எழுத்து இதுதான் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க வெளியூர்க்காரர்களுக்குப் பினாங்கைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, வீட்டில் அதிகம் பேச மாட்டார். "அக்கா, நீ மெழுகாய் உருகினாய், நான் வெளிச்சத்தில் நடந்தேன்" என்று குரல் தழுதழுக்க முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் ரொட்டியைக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நல்லாத்தான்னா?"

"நல்லாருக்கு லா. உருகறது, வெளிச்சம், எல்லாம் வருது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கல்லுக்குக்கூடக் கண்ணீர் வரும், உங்களுக்கு வராது" என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, காகிதத்தைக் கையில் திணித்து, இதைக் கேட்டுக்கொண்டே படியுங்கள் என்றேன். படித்தார். பாதியில் ரொட்டியைக் கீழே வைத்தார். முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நான் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். எழுந்து போய், கதவுக்கு அடியில் கட்டட நிர்வாகத்தார் செருகிவிட்டுப் போயிருந்த அறிவிப்பை எடுத்து வந்தார். மின்தூக்கி கெட்டுப்போனது பற்றி மலாயில் நாலு வரி. இசையை முதலிலிருந்து போட்டுக்கொண்டு, அதை நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார்.

"லிஃப் ரோசாக்... ஹாராப் மாஆஃப்..."

மறுபடியும் கண் கலங்கியது. சத்தியமாக.

"நீயும் படிச்சுப் பாரு" என்று ஹெட்போனைக் கொடுத்தார். வீம்புக்காக வாங்கி மாட்டினேன். மின்தூக்கி பழுது. சிரமத்துக்கு மன்னிக்கவும். மாடிப்படியைப் பயன்படுத்தவும். வயலின்கள் ஏறிவந்த இடத்தில் மாடிப்படி வந்தது. நானும் கண்ணைத் துடைத்தேன். யாரோ ஒரு வயதான அம்மாள் காய்கறிப் பையோடு தனியாகப் படியேறுவது கண்முன் தெரிந்தது.

இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. அழுததெல்லாம் இசைக்காகத்தான், என் எழுத்துக்காக இல்லை. இசையை எடுத்துவிட்டுப் பார்த்தால் காகிதத்தில் மெழுகுவர்த்தி மட்டும் நிற்கிறது. அதை அக்காவுக்கு முன்னால் படித்தால் அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து இசையில்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். சட்டிச் சத்தம், பெட்டிச் சத்தம், ஒரு வரியும் வரவில்லை. விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. எரிச்சலில், அந்த இசை அப்படி என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட முடிவு செய்தேன். படத்தையே தேடிப் பிடித்துக் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன்.

அந்தக் காட்சி வந்தது. பெண் பெட்டியோடு வாசலுக்கு வருகிறாள். வீணை தொடங்குகிறது, வயலின்கள் சேருகின்றன. அவள் திரும்பித் தன் தாயைப் பார்க்கிறாள். இசை நின்றுவிட்டது.

ஒன்றுமே இல்லை. முற்றத்துக் குழாயில் வாளி நிரம்புகிற சத்தம் மட்டும். தாய் குனிந்து குழாயை மூடுகிறாள். அதற்கப்புறம்தான் வயலின்கள் மறுபடி வருகின்றன. நான் கேட்டுக்கொண்டிருந்த தொகுப்பில் அந்த இடமே கிடையாது. இசை இல்லாத பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். இருபது நிமிஷமும் இசையாகவே இருக்க வேண்டும் என்ற ரசிகனின் நல்லெண்ணம். இசையமைத்தவரோ, மிக முக்கியமான இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வாளி நிரம்புகிற நேரத்தில் எனக்கு அக்காவின் குரல் கேட்டது. இந்தப் படத்துக்கு, இந்த இடத்தில், பலகைச் சுவருக்குப் பக்கத்தில், "இப்ப அழப் போறா பாரு" என்று அவள் சொன்னது நன்றாக நினைவுக்கு வந்தது. திரையில் யாரும் அழவில்லை. வழக்கம்போலத் தப்பு.

ஏன் எப்போதும் தப்பாகவே சொன்னாள்? படத்தை நிறுத்தச் சொன்னேன். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனால் நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்காத விஷயம். அவளும் படத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் அவளும் என்னோடு உள் அறையில்தான் இருந்தாள். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்துவிட்டு வந்த பெண், படத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த பெண். சட்டம் எனக்குத்தான், அவளுக்கு இல்லை. போய் உட்கார்ந்திருக்கலாம். தன் வேலை உடுப்புக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இசையை வைத்துக் கதையை ஊகித்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நான் எழுதணும்" என்றேன். கணவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

பழையதைக் கிழித்துப்போட்டேன். மறுநாள் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் தொடங்கினேன், மனசு வேகம் எடுக்க அது வேண்டும். அக்காவைப் பற்றிய அந்த இடம் வந்தபோது கழற்றி வைத்துவிட்டு, கீழே கரண்டி தட்டுகிற சத்தத்தில் எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன்.

விழா மண்டபத்தில் குளிர்சாதனம் பற்களைக் கிட்டவைத்தது. அக்கா முதல் வரிசையில் பட்டுப்புடவையும் மாலையுமாக, தண்டனை பெற்றவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சியை நடத்தியவர் கோட்டுப் போட்ட, நல்ல குரல் உள்ள மனிதர். நான் மேடையேறி இரண்டு வரி படிப்பதற்குள் அவர் தன் கணினியில் எதையோ தட்டினார். ஒலிபெருக்கியிலிருந்து வயலின் வழிந்தது. அவர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், உதவி செய்கிறாராம். பெண்கள் கைப்பையில் டிஷ்யூ தேடத் தொடங்கினார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது, அதுதான் ஆத்திரம். இனி நான் மின்தூக்கி அறிவிப்பைப் படித்தாலும் மண்டபம் அழும். அக்காவுக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேராது. படிப்பதை நிறுத்தினேன்.

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"அண்ணே, அத கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அக்கா. "என் தங்கச்சி பேசறது எனக்குக் கேக்கல லா."

வயலின் நின்றது. குளிர்சாதனத்தின் இரைச்சலும் சமையல்கட்டில் தட்டுகள் உரசுவதும் கேட்டன. நான் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன்.

"என் அக்காவுக்குச் சினிமா என்றால் உயிர். நான் பரீட்சையில் தேற வேண்டும் என்று எனக்குப் படம் காட்டவில்லை. நான் பார்க்காத படத்தை அவளும் பார்க்கவில்லை. என்னோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்."

அக்கா தலையைக் குனியவில்லை. சாப்ட்டியா என்று கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மருமகளின் தோளில் சாய்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற அந்த ரகசியக் குரலில் சொன்னாள்.

"இப்ப அழப் போறா பாரு."

அவள் வாழ்க்கையிலேயே சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.