ராகம் கேட்காதீங்க மாமா

மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி விழாவுக்கு வயலின் வாசிக்க வந்த அக்கா, பெரிய ஜிமிக்கி, ஸ்னீக்கர்ஸ் என்று செம கெத்து. சொந்தமாக எழுதிய தனி வயலின் இசையை முதல் தடவையாக மேடையில் வாசித்தார், ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு.

முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை, எல்லோரும் முன்வரிசை மாமாவையே பார்த்தார்கள். அவர் தலையாட்டினால்தான் இங்கே கச்சேரி தேறும்.

"அரே, என்ன ராகம்மா இது? பிடிபடலையே!"

"எனக்கே தெரியாது மாமா. ஆபீஸ்ல மேனேஜர் கத்தின அன்னிக்கு எழுத ஆரம்பிச்சேன்."

"சரி, ஆரம்பத்துல வர அழுகை புரியறது. கடைசில எதுக்கு அவ்ளோ குஷி?"

"அதுக்குள்ள வேலையை விட்டுட்டேன் மாமா!"

மாமா வெடித்துச் சிரித்தார். "அந்தக் கடைசிய மட்டும் இன்னொரு தரம் வாசிம்மா!"

ஹாலே கைதட்டியது.

நிஜமாகவே வேலையை விட்டாரா, சும்மா அடித்துவிட்டாரா, இன்றுவரை தெரியாது. ஆனால் மறுநாள் காலை எனக்கு ஆபீஸ் போகவே மனசு வரவில்லை.