பெரியம்மாவின் பிடியரிசி

காலை ஏழு மணி ஆகியும் ராஜபாளையத்தில் பஸ் கிளம்பவில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உலையை ஊதி ஊதி முகம் கறுத்துப்போன டிரைவர், "செத்த நேரம் பொறுங்க பட்டாளத்துக்காரரே, பர்மாவுல எம்புட்டு நாள் பொறுத்திருப்பீங்க!" என்று கேலி பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பர்மாவில்தான் அந்தப் பேச்சு நடந்தது. நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வராஜும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். உயிரோடு திரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவின் கல்லறையில் ஜெபித்துவிட்டு, அவன் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் சேர்ந்து ஆராதிப்பது என்று சொல்லி வைத்திருந்தோம். நான் திரும்பினேன், அவன் திரும்பவில்லை. பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று எங்கள் இருவரையும் ரயிலேற்றிவிட்ட அவன் தாயார் அன்னம்மாள் பெரியம்மாவின் முகத்தில் விழிக்கப் பயந்து மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அன்று விடியுமுன் கல்லறையில் ஜெபத்தை முடித்திருந்தேன். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதிரியார் கடைசி ஆசீர்வாதம் கூறும் முன்னே நழுவிவிடுவதாக உத்தேசம்.

ஏழு மைல், மூன்றணா. வழியில் இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இறங்கி நடந்து, ஒன்பது மணி ஆராதனைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓட்டுக் கூரை, தரையில் பாய், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். செல்வராஜ் அவ்வளவு சொல்லியிருந்ததால் எல்லாம் பழகிய இடமாகவே இருந்தது.

காணிக்கை நேரம் வந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி கர்த்தருக்கென்று ஒதுக்குவார்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளையை நினைத்துத் தனியே ஒரு பிடி எடுப்பதும் உண்டு. ஞாயிறன்று அதைக் கோயிலிலுள்ள ஓலைப் பெட்டியில் கொட்டுவார்கள். பெரியம்மா இரண்டு பைகளோடு எழுந்தார். பெட்டிப் பக்கம் போகாமல் நேரே என் முன்னால் வந்து நின்றார். சபையே திரும்பிப் பார்த்தது.

"ஏலே தாவீது, ஒளிஞ்சா உக்காந்திருக்க? இந்தா, இது உம் பேருக்கு எடுத்தது. உங்கம்மா இல்லேல்லா, அதான் நான் எடுத்தேன். நீயே போடு."

"அந்தப் பை, பெரியம்மா?"

"அது அவனுக்கு. போயிட்டான்னு தெரியும். கை நிக்க மாட்டேங்குலே."

நான் வாய்விட்டு அழுதேன். பட்டாளத்தில்கூட அப்படி அழுததில்லை. அவர் இரண்டாவது பையையும் என் கையில் திணித்தார்.

"இதையும் நீயே போடு. ரெண்டு பேரும் சேந்து வாறதா காயிதத்துல எழுதியிருந்தான்."

இரண்டையும் கொட்டினேன். ஆசீர்வாதம் முடிகிறவரை இருந்தேன்.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. நாலு மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தார்.

"நாளையிலேருந்து எங்க வீட்டுல உங்க பேருக்கு ஒரு பிடி எடுக்கச் சொல்லுதேன், பெரியம்மா."

"போலே! ரேஷன் அரிசியில அம்புட்டு எதுக்கு? அரைப் பிடி போதும்."

இன்று அந்த ஏழு மைலைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம். எனக்கோ அந்தக் கரி பஸ்ஸைத் தள்ளிய ஞாயிறுதான் வேண்டியிருக்கிறது. பெரியம்மா இருந்த வரை என் மனைவி எடுத்தது முழுப் பிடிதான்.