ஆன்ட்டி சீட்டில் ஸ்டியரிங்

இந்த நேரத்தில் உங்கள் போன் சத்தம் போட்டு யாரையாவது எழுப்பியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்கோ நாளைக் காலைக்குள் ஒரு பதில் வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் குட்டிக் கார் மாடல் கட்டுகிறவள். நிஜக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. கிட்டில் துண்டு துண்டாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கும்போது செய்யவே கூடாத பொழுதுபோக்கு. தெரியும். அதனால்தான் எல்லாத் துண்டுகளையும் எண்ணி டப்பாவில் போட்டு, பீரோ மேல் வைத்துவிட்டு, இறங்கி, சந்தேகம் வந்து, மறுபடி ஏறி எண்ணுவேன்.

(போன மாதம் ஒரு சைடு மிரர் காணவில்லை. இரண்டு நாள் பாப்பாவின் டயப்பரை எப்படிப் பரிசோதித்தேன் என்று இங்கே எழுத முடியாது. மிரர் என் நைட்டி பாக்கெட்டில் இருந்தது.)

என் கார்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. எல்லாவற்றிலும் ரிப்பனில் நறுக்கிய சீட் பெல்ட் இருக்கும். பின்னால் ஒரு குழந்தை சீட்டும் இருக்கும், சொட்டு மருந்து மூடியில் செய்தது. ரேஸ் காரிலும் வைத்திருக்கிறேன். பயம் பயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

நெல்லித்தோப்பில் எங்கள் பக்கத்து வீடு சொல்தா அங்கிள் வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் ஆன்ட்டிக்கும் ஐம்பதாவது கல்யாண நாள். பிரான்ஸில் அவர்கள் முதன்முதலில் வாங்கியது நத்தை முதுகு மாதிரி வளைந்த ஒரு குட்டிக் கார். அங்கே இருக்கும் மகள் அதே காரின் கிட்டை அனுப்பியிருந்தாள்.

ஆன்ட்டி அதைக் கொண்டுவந்து கொடுத்து, கட்டித் தா, கேக் மேல் வைக்கணும், அங்கிளுக்குத் தெரியக் கூடாது என்றார். கூடவே ஒரு பழைய போட்டோ. கல்யாணமான புதிதில் இருவரும் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். காருக்கு எதிரில் நின்று எடுத்தது.

எப்படி மறுப்பேன்? நான் மாடியில் பெயின்ட் அடிக்கும் ஒரு மணி நேரமும் பாப்பா ஆன்ட்டி இடுப்பில்தான் இருக்கிறாள்.

கிட்டைத் திறந்தால் ஸ்டியரிங் இடது பக்கம். போட்டோவைப் பார்த்தால் அங்கிள் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார். நம் ஊர் வண்டியிலும் வலதுதானே. ஆக, தப்பு கிட்டில்தான் என்று முடிவு கட்டினேன்.

(‘உங்கள் தவறைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்’ என்று கம்பெனிக்கு ஒரு மெயில்கூட எழுதினேன். அனுப்புவதற்குள் பாப்பா அழுதாள். மானத்தைக் காப்பாற்றிய பிள்ளை.)

டேஷ்போர்டை நடுவில் அறுத்து, இடம் மாற்றி ஒட்டி, இடைவெளியில் பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பெயின்ட் அடித்தேன். மூன்று வாரம்.

இன்று சாயங்காலம் ஆன்ட்டியிடம் காட்டப் போனேன். அது அங்கிள் பெத்தாங் விளையாடும் நேரம். இரும்புக் குண்டு உருட்டப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். இன்று பார்த்து மழை. ஆட்டம் கலைந்து, குண்டுப் பையோடு வாசலில் வந்து நின்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காரைக் கையில் வாங்கினார். சீட் பெல்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பின்னால் குழந்தை சீட்டைப் பார்த்து, மகள் அப்போது பிறக்கவே இல்லையே என்றார். அப்புறம் காரைத் திருப்பி முன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

“ஏம்மா, இதுல என் சீட்டு எது?”

வலது பக்கத்தைக் காட்டினேன்.

“அது அவ சீட்டு. அந்த ஊர்ல ஸ்டியரிங் எடது பக்கம். நீ அவ சீட்டுல கொண்டு போயி வச்சிருக்க. அப்ப வண்டிய அவ ஓட்டுனான்னு ஆவுது.”

எதிரில் நின்று எடுத்த போட்டோவில் எனக்கு வலது என்றால் அவருக்கு இடது என்பது அப்போதுதான் உறைத்தது. (இன்ஜினியரிங் முடித்தவள் நான். காலேஜ் பெயர் கேட்காதீர்கள்.)

மாற்றிவிடுகிறேன் அங்கிள் என்று கை நீட்டினேன். அதற்குள் ஆன்ட்டி காரைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“கை வைக்காத. அப்படியே இருக்கட்டும். பன்னெண்டு வருசம் அங்க, நானும் கார் ஓட்டக் கத்துக்கறேன்னு கேட்டேன். கியர் பாக்ஸ் போயிடும்னு சொல்லியே வுடல இந்த மனுசன்.”

“போயிருக்கும்,” என்றார் அங்கிள்.

“பாத்தியா, பாத்தியா.”

பிறகு சண்டை பிரெஞ்சில் நடந்தது. எனக்குப் புரிந்தது ‘முடியாது’ என்கிற ‘நோன்’ மட்டும். பாப்பாவுக்கும் புரிந்துவிட்டது. இரவு இட்லிக்கு ஒவ்வொரு வாய்க்கும் ‘நோன்’ சொன்னாள்.

கிளம்பும்போது, அங்கிள் கைக்கு எட்டாமல் ஞாயிறு வரை நீயே வைத்திரு என்று ஆன்ட்டி காரை என்னிடம் கொடுத்தார். அங்கிள் கேட் வரைக்கும் குடை பிடித்து வந்தார்.

“அத்தன பேரு முன்னாடி கேக்கு மேல வைக்கப் போறாங்க. மாத்திடும்மா. அவகிட்ட சொல்லாத.”

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆன்ட்டியின் போன். அங்கிள் குடை பிடித்ததுமே எதற்கென்று ஆன்ட்டிக்குத் தெரிந்துவிட்டதாம். ஸ்டியரிங் நகர்ந்தால் கேக்கே வெட்ட மாட்டாராம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்கச் சொன்னார். பிறகு பாப்பாவைப் பார்த்தார்.

“இல்லன்னா பின்னாடி அந்தக் கொழந்த சீட்டுல வை. நம்ம வூட்ட யாரு ஓட்றா?”



நியாயப்படி அந்தக் காரில் ஸ்டியரிங் இடதுதான். ஆனால் காரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற ஆன்ட்டியின் முகம் கண்ணிலேயே நிற்கிறது. அங்கிள் நனைந்துகொண்டே என் தலைக்குக் குடை பிடித்ததும்தான். இரண்டு பேரில் யார் முகம் சுருங்கினாலும் திங்கட்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நான் எப்படி நிற்பேன்?

கார் இப்போது பீரோ மேல் இருக்கிறது. பெயின்ட் கேக்கில் படக் கூடாது என்று அடியில் வைக்க பட்டர் பேப்பர் நறுக்கிவிட்டேன். இதுவரை முடிவானது அது ஒன்றுதான்.

மாற்றுவதென்றால் பசையும் பெயின்ட்டும் காய ஒரு முழு நாள் வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குக் கட்டரை எடுக்க வேண்டும், அல்லது எடுக்கவே கூடாது.

இடதா, வலதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.